சுவிட்ச் இருந்த இடம்

மருந்துக் கிடங்கில் அவளுக்குக் 'கதவக்கா' என்று பெயர். பிறந்த வீட்டில் 'மோட்டார்'. இரண்டாவது பெயர்தான் மூத்தது.

கிடங்கில் அவள் வேலை கோல்டு ரூமில். இன்சுலின், தடுப்பூசி, சில கண் சொட்டு மருந்துகள் என்று குளிரிலேயே இருக்க வேண்டிய சரக்கை எடுத்துத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பையோடு அடுக்கி, டேப் ஒட்டி வண்டிக்கு அனுப்ப வேண்டும். கோல்டு ரூம் கதவு ஓர் ஆள் கனம். விட்டால் தானே சாத்திக்கொள்ளும். உள்ளே இருப்பவர் திறக்கப் பச்சைக் குமிழ் ஒன்று உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைக் காட்டிக்கொடுப்பதே அவள்தான். "பயப்படவே வேணாம், ஒரு தள்ளு, திறந்துக்கும்" என்பாள். ஆனால் தான் உள்ளே போகும்போது மட்டும் ஒரு காலிப் பெட்டியைக் காலால் நகர்த்திக் கதவிடுக்கில் வைத்துவிட்டுத்தான் போவாள். குளிர் வெளியேறி அலாரம் கத்தும்.

"என்னக்கா, தெருவுக்கே ஏசி போட்டுக் குடுக்கறீங்க போல" என்பார் பில் போடுகிறவர்.

"உனக்கு ஏன் பொறாமை? வேணும்னா நாற்காலியை இங்க இழுத்துப் போட்டுக்கோ" என்பாள்.

எல்லாவற்றையும் சிரிப்பாக்கிவிடுவாள். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால் பல வருஷம் அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

ஒருநாள் சரக்கு இறக்க வந்தவர், பெட்டி வழியில் கிடக்கிறதே என்று நல்ல மனதோடு எடுத்து ஓரமாகப் போட்டார். கதவு சாத்திக்கொண்டது. பச்சைக் குமிழ் அவளுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. வெளியே இருந்தவர்களுக்குக் கேட்டதோ கண்ணாடி நொறுங்கும் சத்தம். திறந்து பார்த்தபோது அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். காலடியெல்லாம் உடைந்த குப்பிகள். வாயிலிருந்து ஒரே சீராக 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்துகொண்டிருந்தது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. "வேலையை விட்டு அனுப்பறதுன்னா இப்பவே அனுப்பலாம். எனக்கு மனசு வரல. கவுன்சிலிங் போயிட்டு வாங்க, கம்பெனி ஏற்பாடு பண்ணும். அதுவரைக்கும் பேக்கிங் மேஜையில இருங்க" என்றார்.

அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் முதலில் அவளை மேலும் கீழும் பார்த்து எங்கும் வெட்டுக்காயம் இல்லையே என்று உறுதி செய்துகொண்டார். பிறகு, "பேசறதுக்குன்னு ஒரு டாக்டரா? உங்க வீட்டுல பேசாத ஆளே கிடையாதே" என்றார்.

கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அறை. மனநல ஆலோசகர் அவளைவிடச் சின்னவர். அன்றைக்கு ஜலதோஷம் வேறு, கைக்குட்டையும் கையுமாக இருந்தார். அறையில் மூன்று நாற்காலிகள்.

"எதுல உக்காரணுமோ உக்காருங்க. இழுத்துப் போட்டுக்கணும்னாலும் போட்டுக்கங்க. கதவை மூடணுமா, கொஞ்சம் திறந்திருக்கட்டுமா?"

இப்படி ஒருவர் தன்னைக் கேட்பது அவளுக்கு வினோதமாக இருந்தது. "திறந்து வெச்சா வெளிய கேக்குமே மேடம்."

"வராந்தால ஒரு பழைய ஃபேன் ஓடுதே, பாத்தீங்களா? அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. அதுக்காகவே அதை மாத்தாம வெச்சிருக்கோம்."

அவள் கதவைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. ஆலோசகர் கோல்டு ரூமைப் பற்றிக் கேட்கவில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரித்தார். எப்போது வேண்டுமானாலும் 'போதும்' என்று சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றார். இதற்கா கம்பெனி காசைக் கொடுத்து அனுப்புகிறது என்று அவளுக்குத் தோன்றியது. அவளாகவே ஆரம்பித்தாள்.

"எனக்கு மூடின ரூம்னா ஆகாது மேடம். அதுக்கு ஒரு கதை இருக்கு. சொன்னா சிரிப்பீங்க."

சிரிக்கத்தான் வேண்டும். அது அவள் குடும்பத்தின் கதை. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், மருமகனோ மருமகளோ சம்பந்தியோ, அந்தக் கதையைக் கேட்காமல் திரும்பியதில்லை. சாப்பாடு முடிகிற நேரத்தில் அப்பா, "மோட்டார், ஸ்டார்ட் பண்ணு" என்பார். அவள் எழுந்து நின்று சொல்வாள்.

"அப்பா பஸ் டிப்போவுல டைம் கீப்பர். புதுசா ஒரு வாட்ச் வாங்கினார். தண்ணியில போட்டாலும் ஓடும்னு தெரு பூரா சொல்லிட்டு வந்தார். எனக்கு எட்டு வயசு. போட்டுத்தான் பாப்போமேன்னு வாளியில போட்டேன். ஓடல. தண்ணி சரியில்லையோன்னு வேற வாளியில போட்டேன். அப்பவும் ஓடல."

முதல் சிரிப்பு இங்கே வரும்.

"அப்பா என்னை அப்படியே கோழிக்குஞ்சு மாதிரி தூக்கிட்டுப் போய், மாடிப்படிக்குக் கீழ மோட்டார் ரூம்ல போட்டுத் தாழ்ப்பாள் போட்டார். 'வாட்ச் என்னைக்கு ஓடுதோ அன்னைக்கு வெளிய வா'ன்னுட்டு சினிமாவுக்குப் போயிட்டார். இடைவேளையில நான் உள்ள இருக்கறது ஞாபகம் வந்துச்சாம். ஆனா பாருங்க, படம் நல்லா இருந்துச்சாம்."

இந்த இடத்தில் அப்பாவுக்கே கண்ணில் நீர் வந்துவிடும், சிரித்துச் சிரித்து.

"அதுக்குள்ள அம்மா பாட்டுக்குத் தண்ணி ஏத்த மோட்டாரைப் போட்டுட்டாங்க. உள்ள ஒரே இருட்டு, பக்கத்துல அது ஓடுது. சாயங்காலம் அப்பா வந்து, மோட்டாரை நிறுத்திட்டுக் கதவைத் திறக்கறார். மோட்டார் நின்னுடுச்சு, நான் நிக்கல. 'ம்ம்ம்'னு ஓடிட்டே இருக்கேன். சுவிட்சை அணைச்சோமா இல்லையான்னு அப்பா திரும்பிப் பாத்தாராம்!"

ஆலோசகர் சிரிக்கவில்லை. முகத்தைச் சோகமாகவும் வைத்துக்கொள்ளவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் முடிக்கும்வரை கேட்டார்.

"சிரிப்பே வரலையா மேடம்?"

"சிரிப்பு வர்ற மாதிரிதான் சொன்னீங்க. சொல்லும்போது உங்க கையைக் கவனிச்சீங்களா?"

அவள் குனிந்து பார்த்தாள். நாற்காலியின் கைப்பிடியை அவள் விரல்கள் பிடித்திருந்த பிடியில் நகங்கள் வெளுத்துப் போயிருந்தன.

"இன்னைக்கு இதுக்கு மேல தோண்ட வேணாம். ரெண்டு காலையும் தரையில நல்லா ஊனிக்கங்க. தரை எப்படி இருக்கு, சில்லுன்னு இருக்கா?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். "தரை சில்லுன்னு இருக்கான்னு கேக்கறாங்க. டைல்ஸ் கடைக்குப் போயிருக்கலாம்."

ஆனாலும் விடாமல் போனாள். ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று கொஞ்சம் நகர்ந்தது. தான் எங்கே போனாலும் முதலில் வாசலைத்தான் தேடுகிறோம், குளியலறைக் கதவைக்கூடத் தாழ்ப்பாள் போட்டதில்லை, கணவர் பின்னாலிருந்து தோளைத் தொட்டால் இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது என்பதெல்லாம் அங்கே போய்ப் பேசும்போதுதான் ஒரே கயிற்றில் வந்து நின்றன. "அது முடிஞ்சு போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். உங்க உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லல. மெதுவா சொல்லிப் பாப்போம்" என்றார் ஆலோசகர். அவர் எதையும் துருவிக் கேட்டதில்லை. கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னதும் இல்லை.

அவளேதான் ஒருநாள் சொன்னாள். இந்தத் தடவை வேகத்தைக் குறைத்து, யாரும் சிரிக்க வேண்டிய இடமென்று நிறுத்தாமல், இருக்கையிலிருந்து எழுந்து நின்றே சொன்னாள். 'அம்மா மோட்டாரைப் போட்டுட்டாங்க' என்ற இடத்தில் வழக்கம்போல வலது கையை உயர்த்தி, காற்றில் சுவிட்சைப் போட்டாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு?"

"மேடம், சுவிட்ச் வெளிய இருந்துச்சு. கதவை ஒட்டின மாதிரி. தாழ்ப்பாள் அதுக்குக் கீழ. இவ்வளவுதான் இடைவெளி." கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டினாள். "அங்க வந்து நிக்காம சுவிட்சைப் போட முடியாது. நான் தட்டிட்டுதான் இருந்தேன்."

வராந்தாவில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆலோசகர் அவள் உட்காரும்வரை காத்திருந்தார்.

எத்தனை வருஷமாக அந்தக் கையை அவள் உயர்த்தியிருக்கிறாள்! மேடையேறிய நடிகை மாதிரி, எத்தனை பேர் முன்னால்! அப்பா கோபக்காரர், பூட்டினார். அது தெரிந்த கதை. அம்மா இந்தக் கதையில் வெறும் மோட்டார் போடுகிறவள். அவள் மேல் ஒரு குறையும் அதுவரை தோன்றியதில்லை. மறந்திருப்பாள், வேலை மும்முரத்தில் இருந்திருப்பாள் என்று நினைத்ததுகூட இல்லை. நினைக்கவே வேண்டியிருக்கவில்லை.

"எனக்கு யாரும் மன்னிப்புக் கேக்க வேணாம் மேடம்" என்றாள் அடுத்த வாரம். "எல்லாரும் இருக்கும்போது, ஒருத்தராவது 'ஆமா, இப்படித்தான் நடந்துச்சு'ன்னு சிரிக்காம சொல்லணும். அது போதும். எங்கம்மா சொன்னா போதும்."

"அவங்க சொல்லலைன்னா?"

"சொல்லுவாங்க. எங்கம்மா பொய் சொல்லத் தெரியாதவங்க."

"கொஞ்ச நாள் போகட்டுமே. அங்க எப்படி நடந்தாலும் தாங்கிக்கற அளவுக்கு இங்க கொஞ்சம் பலப்படுத்திக்கலாம். அவசரம் இல்லையே?"

அவசரம் இருந்தது. அண்ணன் மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. அந்தப் பெண் இன்னும் கதையைக் கேட்டிருக்கவில்லை.

அண்ணன் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. அப்பா நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். வயதானாலும் கம்பீரம் குறையவில்லை. பேரன் மனைவியிடம், "உனக்கு உப்பு வேணுமாம்மா? கூச்சப்படாதே, இந்த வீட்டுல கூச்சப்பட்டா பட்டினிதான்" என்று சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பிடிக்காதவர்கள் யாருமே கிடையாது. அம்மா எப்போதும்போல உட்காராமல் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

தட்டுகள் காலியாகும் நேரம் அப்பா குரல் கொடுத்தார். "மோட்டார், புதுப் பொண்ணு காத்துக்கிட்டிருக்கு. ஸ்டார்ட் பண்ணு."

"ஸ்டார்ட் ஆக நேரமாகும்ப்பா, பழைய மோட்டார்" என்றான் அண்ணன்.

அவள் எழுந்து நின்றாள். கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். கணவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கு எட்டு வயசு" என்று ஆரம்பித்தாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "அப்பா வாட்சைத் தண்ணியில போட்டுட்டேன்."

அண்ணன் சிரித்தான். "ரெண்டாவது வாளியை விட்டுட்டியே!"

"ரெண்டாவது வாளியிலயும் போட்டேன். அப்பா என்னை அடிச்சார். அதை நான் எப்பவும் சொல்றதில்ல. அடிச்சுட்டு மோட்டார் ரூம்ல போட்டுப் பூட்டினார். சினிமாவுக்குப் போனார். இடைவேளையில ஞாபகம் வந்தும் வரல."

"படம் நல்லா இருந்துச்சு!" என்று அண்ணனும் அண்ணியும் ஒரே குரலில் முடித்தார்கள். கூடமே அதிர்ந்தது. அப்பா வழக்கம்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருமகள் பெண் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்து, தானும் சிரித்தாள். வேறென்ன செய்வாள் பாவம்.

சொல்லும் விதத்தை அவள் மாற்றியிருந்தாள். அவர்கள் அவள் சொல்வதைக் கேட்கவேயில்லை. வருஷக்கணக்காக மனப்பாடம் ஆனதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அந்தந்த இடத்தில் சிரிப்பு தானாக வந்தது. அப்படிப் பழக்கிவைத்ததும் அவள்தான்.

"இன்னைக்கு மோட்டாருக்குக் கரண்ட் பத்தல" என்றார் அப்பா மருமகளிடம். "இல்லேன்னா இதைவிடப் பிரமாதமா சொல்லுவா."

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. "அம்மா" என்றாள். "மோட்டார் சுவிட்ச் எங்கம்மா இருந்துச்சு?"

அம்மா கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். "எதுக்குடி இப்ப?"

"சொல்லேன்."

"அங்கதான். கதவு ஓரமா."

"தாழ்ப்பாள்?"

"அதுக்குக் கீழ."

"நான் உள்ள தட்டிட்டு இருந்தேன். நீ அங்க வந்து நின்னு சுவிட்சைப் போட்டே. ஏம்மா தாழ்ப்பாளை எடுக்கல?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் எதிர்பார்த்து வந்த கணம் அதுதான். அம்மா அப்பாவின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "தொட்டி காலியா இருந்துச்சுடி. அவர் வந்தா குளிக்கத் தண்ணி வேணாமா?" என்றாள்.

இவ்வளவு காலத்தில் அந்தக் கதைக்குக் கிடைக்காத சிரிப்பு அன்றைக்குக் கிடைத்தது. அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "பொண்ணு உள்ள கிடக்கட்டும், புருஷன் குளிக்கணும்! அம்மா, இத்தனை வருஷமா இதை எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்தே?" அப்பாவுக்குப் புரையேறியது. அண்ணி அவர் தலையைத் தட்டினாள்.

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கொஞ்சம் பொறுத்து அம்மா வந்தாள். குழாயைத் திறந்துவிட்டாள், கழுவுவதற்குக் கையில் எதையும் எடுக்காமலே.

"எல்லார் முன்னாடியும் கேக்கணுமா?"

"தனியா கேட்டா வேற பதில் இருக்கா?"

அம்மா ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தொட்டி நிறைஞ்சுதான் இருந்துச்சு. நீ தட்டற சத்தத்தைக் கேட்டுத் தாங்க முடியல. மோட்டார் ஓடினா உன் சத்தம் கேக்காது. மாடியில தண்ணி வழிஞ்சு சுவரெல்லாம் ஊத்துச்சு. பக்கத்து வீட்டுக்காரி வந்து கத்தினா. வழியட்டும்னு விட்டுட்டேன்."

"திறந்து விட்டிருக்கலாமேம்மா."

"திறந்தா அவர் வந்து யார் திறந்தான்னு கேப்பார். நீ ஒரு நாள் பட்டே. நான் அவரோட இருக்க வேண்டியவ."

அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் முனகல் வரவில்லை. அம்மாவின் ஈரமில்லாத கையைப் பிடித்துக்கொண்டாள். "இதை அப்படியே வெளிய வந்து சொல்லும்மா. ஒரு வார்த்தை. 'தொட்டி நிறைஞ்சுதான் இருந்துச்சு.' அது போதும், நான் அப்புறம் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

"சரிதான் போ. அந்தப் பொண்ணு வந்து ஒரு மாசம்கூட ஆகல. குடும்பத்தைப் பத்தி என்ன நினைக்கும்?" அம்மா கையை விடுவித்துக்கொண்டாள். குழாயை மூடினாள். "அவருக்கு மாத்திரை போடற நேரம்."

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "எங்க நம்ம மோட்டார்? தொட்டி காலியாம், சீக்கிரம் வரச் சொல்லு!"

அவள் கூடத்தைக் கடந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். "இனிமே நீங்களே சொல்லிக்குங்கப்பா. எல்லாருக்கும்தான் தெரியுமே" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அதுவும் கதையில் ஒரு பகுதி என்று நினைத்து யாரோ சிரித்தார்கள்.

பேருந்து நிறுத்தம்வரை கணவர் அவளோடு நடந்து வந்தார். அங்கே நின்ற பிறகு, "முதல்ல நானும் சிரிச்சேன். வாளிக்கு" என்றார்.

"தெரியும்."

"அப்புறம் சிரிக்கல."

"அதுவும் தெரியும். விடுங்க. நான்தானே உங்களுக்கும் சொல்லிச் சிரிக்க வெச்சேன், கல்யாணமான புதுசுல."

ஆலோசகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்க அவசரம் வேணாம்னு சொன்னீங்க."

"சொன்னேன். ஆனா நீங்க போனதுல தப்பு ஒண்ணும் இல்ல."

"உண்மை தெரிஞ்சா லேசா இருக்கும்னு நினைச்சேன் மேடம்."

"இருக்கா?"

"இல்ல. முன்னாடி எங்கம்மாவுக்கு என் ஞாபகமே வரலைன்னு இருந்துச்சு. அதுவே தேவலை."

ஆலோசகர் அதற்குச் சமாதானம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அங்கே போவதை நிறுத்தியிருப்பாள். "இங்க சொல்லலாம் அதை" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

இப்போதும் பேக்கிங் மேஜையில்தான் இருக்கிறாள். மேனேஜர் கோல்டு ரூமைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை, அங்கே வேறொருத்தி வந்தாயிற்று. பிறந்த வீட்டுக்கு அவள் போவதில்லை. அண்ணன் இப்போது அந்தக் கதையைச் சொல்கிறானாம். புது முடிவோடு, அம்மாவின் குரலிலேயே சொல்கிறானாம்.

மதியத்தில் அப்பா தூங்கும்போது அம்மா ஃபோன் செய்வாள். முழங்கால் வலி, கரண்ட் போனது, பக்கத்து வீட்டுக்காரர்கள் வீடு மாற்றியது என்று பேசுவாள். போன வாரம் அழைத்தபோது, "அண்ணன் பொண்ணு பிறந்தநாளுக்கு எல்லாரும் வர்றாங்க. நீயும் வா. அப்பாவை அதைப் பேச வேணாம்னு சொல்லியாச்சு" என்றாள்.

"நீ சொன்னியா?"

"அண்ணியை விட்டுச் சொல்லச் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சார்."

அவள் பேக்கிங் டேப்பின் முனையை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். "தொட்டி விஷயம்? காலி இல்லைன்னு மாத்திச் சொன்னியாம்மா?"

அவள் காத்திருந்தாள். அப்பாவின் சீரான குறட்டைச் சத்தம் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா எழுந்துட்டார்டி, வெக்கறேன்" என்றாள் அம்மா.